ஃப்ரீசரிலிருந்து வாணலிக்கு

(மும்பை மாட்டுங்காவில் மகளிர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேசப்போகும் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பச்சைப் பட்டாணி, பீன்ஸ், கீரை, மொச்சை, முருங்கைக்காய் இவற்றை உறையவைத்து, பிறகு எடுத்துச் சமைப்பது எப்படி என்பதுதான் பேச்சு. சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் செம்பூரிலும் தாராவியிலும் காலை ஏழரைக்குள் ரயில் பிடித்தாக வேண்டிய பெண்கள் எத்தனை பேர் அந்த ஃப்ரீசர் பையை நம்பி மதிய டப்பா கட்டுகிறார்கள் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பையைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு பேச்சு உண்டு. "அதில் சத்தே கிடையாது" என்பது ஒன்று. "எனக்கு எப்போது செய்தாலும் சொதசொதவென்றுதான் வருகிறது" என்பது இன்னொன்று. முதல் பேச்சு பெரும்பாலும் தவறு. இரண்டாவது உண்மை. ஆனால் அந்தக் குற்றம் காயினுடையது அல்ல. கடையில் அன்று வாங்கிய காயை எப்படிச் சமைப்போமோ அப்படியே இதையும் சமைக்கிறோம். அங்கேதான் கெடுகிறது.

உறைந்த காய் உங்கள் கைக்கு வருவதற்குள் அதற்கு இரண்டு காரியங்கள் நடந்து முடிந்திருக்கின்றன. அது கொதிநீரைப் பார்த்துவிட்டது. அதன் உள்ளே இருந்த தண்ணீர் கட்டவிழ்ந்துவிட்டது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தால் போதும், நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

முதலில் கொதிநீர். பறித்த பின்னும் காய்க்குள் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். நிறத்தை மாற்றும், மணத்தைக் கெடுக்கும், இனிப்பைக் குறைக்கும். குளிர் அவற்றை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. பச்சைக் காயை அப்படியே ஃப்ரீசரில் போட்டால் சில வாரங்களில் வைக்கோல் வாடை வருவது அதனால்தான். நொதியை நிறுத்தச் சூடு வேண்டும். ஆகவே தொழிற்சாலைகளில் காயைக் கொதிநீரிலோ நீராவியிலோ ஓரிரு நிமிடம் காட்டி, உடனே குளிரவைத்து, அதன் பிறகே உறையவைக்கிறார்கள். இது நமக்குப் புதிய சங்கதி என்று யாரும் நினைக்க வேண்டாம். கொத்தவரங்காய் வற்றல் போட்ட கைகள் இந்த அரங்கில் நிறைய இருக்கும். உப்புப் போட்ட தண்ணீரில் ஒரு கொதி விட்டு, வடித்து, அப்புறம்தானே மொட்டை மாடியில் பரப்புவோம்? ஊரிலிருந்து தாதர் எக்ஸ்பிரஸில் துணிப்பையில் வந்து இறங்கிய வற்றலெல்லாம் அந்தக் கொதியைக் கண்டவைதான். மழைக்காலத்துக்குக் காயைச் சேமித்துவைக்கும் அறிவு நம் குடும்பங்களில் இருந்தது. வெயில் செய்த வேலையை இங்கே குளிர் செய்கிறது, அவ்வளவே.

இதன் பொருள், பையிலிருந்து வரும் பட்டாணி கால்வாசியோ அரைவாசியோ வெந்த பட்டாணி. அதைக் குக்கரில் போட்டு இரண்டு விசில் விடுவது, சமைத்ததை மறுபடி சமைப்பது. குருமாவில் பட்டாணி தோலும் மாவுமாகப் பிரிந்து மிதக்கிறதே, அதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். பருப்போ உருளைக்கிழங்கோ குக்கரில் வெந்து, மூடி திறந்து, மசாலா கொதித்து, அடுப்பை அணைக்க மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போது பட்டாணியைப் போடுங்கள். போதும்.

அடுத்தது தண்ணீர். காயில் பெரும்பங்கு தண்ணீர்தான். தண்ணீர் பனியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. அது நிகழும் வேகம் முக்கியம். மைனஸ் 1 டிகிரியிலிருந்து மைனஸ் 5 வரையான இடைவெளியைச் சட்டென்று கடந்துவிட்டால் பனித்துகள்கள் பொடிப்பொடியாக உருவாகும். காயின் திசுச் சுவர் ஓரளவு தப்பும். அந்த இடைவெளியில் காய் நெடுநேரம் தங்கினால் பெரிய கூர்மையான படிகங்கள் வளர்ந்து சுவர்களைக் குத்திக் கிழித்துவிடும். கிழிந்த சுவர் திரும்ப ஒட்டாது. பனி உருகியதும் உள்ளிருந்த நீர் வெளியே ஓடிவரும்.

இந்த வேகத்துக்கு ஒரு கதை உண்டு. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் கனடாவின் லாப்ரடார் கடுங்குளிரில், பிடித்த மீன் நொடியில் உறைவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புதுசுபோல இருப்பதையும் பார்த்தார். விரைவாக உறையவைக்கும் இயந்திரத்தைச் செய்தார். 1930 மார்ச் 6 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் அப்படி உறைந்த உணவின் விற்பனை கடைகளில் தொடங்கியது. அந்த முதல் பட்டியலிலேயே பட்டாணியும் பசலைக்கீரையும் இருந்தன. நம் பக்கத்தில், செம்பூரைத் தாண்டினால் வரும் விக்ரோலியில் ஆலை வைத்திருக்கும் கோத்ரெஜ் நிறுவனம் 1958-இல் இந்தியாவின் முதல் ஃப்ரிட்ஜைச் செய்தது. 1988-இல் தேசியப் பால்வள வாரியம் டெல்லியில் தொடங்கிய சஃபல் பிற்பாடு உறைந்த பட்டாணியை ஊரெங்கும் பழக்கமாக்கியது. ஒரு காலத்தில் 'இங்கிலீஷ் காய்' என்று தள்ளிவைத்த பட்டாணி இன்று ஆண்டு முழுவதும் கிடைக்கிறது.

இங்கே உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். உறைந்த காய் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் உள்ள கணக்கு. ஃப்ரீசர் கதவில் நட்சத்திரக் குறி இருந்தால் பாருங்கள்: ஒரு நட்சத்திரம் மைனஸ் 6, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. (மின்சாரச் சிக்கனத்துக்கு ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கர் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்குள் சின்னப் பெட்டியாக இருக்கும் ஃப்ரீசர் பல சமயம் மைனஸ் 18-ஐ எட்டுவதில்லை. தாராவியில் ஒரே அறையில் குடும்பம் நடத்தும் வீட்டில், நாள் முழுவதும் ஃப்ரிட்ஜ் கதவு திறந்து மூடிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே அடுப்பு. அங்கே ஒரு வருஷத்துக்குப் பட்டாணி சேமிக்க நினைப்பது வீண். பை பிரித்தால் சில வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சிறிய பையாக வாங்குங்கள்.

வாங்கும்போது பையைக் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள். பட்டாணி கலகலவென்று உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் எங்கோ ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது. லாரியில் ஆகியிருக்கலாம், இரவில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஃப்ரீசரை அணைத்துவைக்கும் கடையிலும் ஆகியிருக்கலாம். அந்தப் பை வேண்டாம். அதேபோல், சீசன் இல்லாத மாதத்தில் தெருவோரம் உரித்துவைத்த 'புது' பட்டாணி கண்ணைப் பறிக்கும் பச்சையில் இருந்தால் சந்தேகப்படுங்கள். காய்ந்த பட்டாணியை ஊறவைத்துச் சாயம் ஏற்றுவது நடக்கிறது. மாலகைட் கிரீன் என்ற அந்தச் சாயம் உணவில் சேர்க்கவே கூடாதது. திரவ பாரஃபினில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்த்தால் பச்சை ஒட்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீட்டுச் சோதனை சொல்லிக்கொடுத்திருக்கிறது. அதைவிட உறைந்த பட்டாணி ஆயிரம் மடங்கு நம்பகமானது.

சத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொதிநீரில் காட்டும்போது வைட்டமின் சி கொஞ்சம் போகும், பி வகையில் சிலதும் கரைந்து போகும். அதன் பிறகு நல்ல குளிரில் மெதுவாகத்தான் குறையும். புதுக்காய் என்று நாம் வாங்குவதன் கதை என்ன? ஜபல்பூர்ப் பக்கம் பறித்த பட்டாணி ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் வந்து, வாஷி மொத்தச் சந்தையில் இறங்கி, மாட்டுங்கா மார்க்கெட்டுக்கோ செம்பூர் ஸ்டேஷன் மார்க்கெட்டுக்கோ வந்து, நம் ஃப்ரிட்ஜில் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. பறித்த நிமிடத்திலிருந்து அதன் சர்க்கரை மாவாகிக்கொண்டே வருகிறது. வயலுக்குப் பக்கத்திலேயே உறையவைத்த காய் இதற்குக் குறைந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி வாணலி. நமக்கு இதுதான் முக்கியம்.

பொரியலுக்கு அரைக் கிலோ பை பீன்ஸை அப்படியே சூடான எண்ணெயில் கொட்டுகிறோம். உடனே சத்தம் அடங்கிப்போகிறது. ஏன்? ஒரு கிலோ பனியை உருக்க மட்டும் ஆகும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கப் போதுமானது. அத்தனை வெப்பத்தையும் பீன்ஸ் வாணலியிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. எண்ணெய் ஆறுகிறது, காயிலிருந்து தண்ணீர் வடிகிறது, பொரிய வேண்டிய காய் தன் தண்ணீரிலேயே வேகிறது. பதற்றத்தில் மூடி போடுகிறோம். ஆவி திரும்ப உள்ளேயே விழுகிறது. கடைசியில் பீன்ஸ் குழைந்து, தேங்காய் ஈரமாகி, பொரியல் கூட்டாகிவிடுகிறது.

அதனால் அகலமான இரும்பு வாணலி எடுங்கள். நன்றாகக் காயட்டும். எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை. தீயைக் குறைக்காமல், கையளவு கையளவாகக் காயைப் போட்டு ஒரே அடுக்காகப் பரப்புங்கள். உருகவிட வேண்டாம், ஃப்ரீசரிலிருந்து நேராக. மூடி வேண்டாம், தண்ணீர் தெளிக்கவே வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் கரண்டியால் கிளறாமல் விடுங்கள். வெளிவரும் நீர் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். சளசளவென்று இருந்த சத்தம் மாறி, எண்ணெய் பொரியும் சத்தம் மெல்லியதாகக் கேட்கும், அப்போது உப்பு. முன்னாலேயே உப்புப் போட்டால், ஏற்கெனவே கிழிந்த திசுவிலிருந்து இன்னும் நீரை இழுக்கும். தேங்காய் அடுப்பை அணைத்த பிறகு.

பருப்பு உசிலிதான் இதற்குச் சரியான பரீட்சை. ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உதிர்ந்த பருப்பு கட்டிதட்டிவிடும். உறைந்த பீன்ஸில் உசிலி வராது என்று மாட்டுங்காவில் பல பெரியவர்கள் சொல்வார்கள். வரும். பீன்ஸைத் தனியாக மேலே சொன்னபடி ஈரம் போக வதக்கி ஒரு தட்டில் எடுத்து ஆறவிடுங்கள். ஆவியில் வேகவைத்து உதிர்த்த பருப்பை அதே வாணலியில் தனியாக எண்ணெய் விட்டு மொறுமொறுவென்று வறுங்கள். பரிமாறுவதற்கு முன் இரண்டையும் ஒரே புரட்டு. பையில் வரும் பீன்ஸ் நீள நீளமாக இருந்தால், ஐந்து பத்து நிமிடம் வெளியே வைத்து, பாதி உறைந்திருக்கும்போதே பொடியாக நறுக்குங்கள். முழுவதும் உருகிவிட்டால் கத்திக்கு நழுவும்.

கூட்டு, மசியல், குருமா, பாவ்பாஜி இவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. காய் குழைவதும் தண்ணீர் விடுவதும் அங்கே தோஷமல்ல. உறைந்த முளைக்கீரையை வேகும் பாசிப்பருப்பில் கட்டியாகவே போட்டு, திறந்த பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு மசித்தால், அன்று ஆய்ந்த கீரைக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். ஆனால் ஊற்றும் தண்ணீரை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், கீரையே தன் தண்ணீரைக் கொண்டுவருகிறது. முருங்கைக்காயும் அப்படித்தான். டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்கள் சாம்பாருக்கு உறைந்த முருங்கைக்காயைத்தான் நம்பியிருக்கிறார்கள், மணம் குறைவதில்லை.

பச்சை நிறம் மங்குவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது கழன்றுபோய், காய் மங்கலான பழுப்புப் பச்சைக்கு மாறும். காயிலேயே கொஞ்சம் அமிலம் உண்டு. மூடி போட்டால் அது ஆவியோடு வெளியேற வழியில்லை. நம் சமையலில் புளி, தக்காளி, எலுமிச்சை, மோர் என்று எல்லாப் பக்கமும் புளிப்பு. ஆகவே புளித்தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதித்து முடிந்த பிறகு உறைந்த காயைப் போடுங்கள். எலுமிச்சை இறக்கிய பின். சோடா உப்பு மட்டும் வேண்டாம். பச்சை பளிச்சென்று நிற்கும், ஆனால் காய் கூழாகும், தயமின் என்ற வைட்டமின் அழியும்.

உருகவிட்டே ஆக வேண்டிய சமையல் சில உண்டு. அடை, வடை, கீரைச் சப்பாத்தி, கட்லெட். இவற்றில் உறைந்த கீரையை அப்படியே சேர்த்தால் மாவு நீர்த்துவிடும். முதல் நாள் இரவே ஒரு கிண்ணத்தில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். காலையில் இரு கையாலும் இறுகப் பிழியுங்கள். பிழிந்த நீரைக் கொட்ட வேண்டாம். சாம்பாரிலோ ரசத்திலோ சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். அவசரமென்றால், பையை இறுக மூடிக் குளிர்ந்த தண்ணீரில் முக்கிவைக்கலாம். சமையல் மேடையில் மணிக்கணக்காக வைப்பது மட்டும் கூடாது. மும்பையின் மே மாதப் புழுக்கத்தில் வெளிப்பக்கம் உருகி, கிருமி பெருகத் தோதான சூட்டுக்கு வந்துவிடும். நடுவில் இன்னும் பனி இருக்கும்.

கிருமி என்றால் உறையவைத்ததில் செத்திருக்காதா என்று கேட்பீர்கள். சாகாது, பல கிருமிகள் தூங்கும், உருகியதும் எழுந்துகொள்ளும். ஐரோப்பாவில் 2015-இலிருந்து 2018 வரை ஐந்து நாடுகளில் 47 பேருக்கு லிஸ்டீரியா நோய் வந்து 9 பேர் இறந்தார்கள். தேடிப் பார்த்தபோது ஹங்கேரியில் ஓர் ஆலையில் உறையவைத்த மக்காச்சோளமும் வேறு காய்களும் காரணம் என்று தெரிந்தது. கொதிநீரில் காட்டியது நொதிக்காக. அதைச் சமைத்த காயாக எண்ணிவிடக் கூடாது. பட்டாணியையோ சோளத்தையோ உருகவிட்டு அப்படியே கோசுமல்லியில் கலப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்துக் கலந்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் இதில் தளர்வு வேண்டாம்.

வீட்டிலேயே உறையவைப்பவர்களுக்குச் சிலது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மும்பையில் பட்டாணி, பச்சைத் துவரை, மொச்சை எல்லாம் மலிந்து வரும். பொங்கலை ஒட்டி மொச்சை வாங்குகிறவர்கள் கூடக் கொஞ்சம் வாங்கி உரித்துவைக்கலாம். பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். காய் போட்டதும் அடங்கி, ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் கொதி வர வேண்டும். வராவிட்டால் காய் அதிகம் போட்டுவிட்டீர்கள். கொதி திரும்பியதிலிருந்து பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம், கீரைக்கு இரண்டு, பீன்ஸுக்கு மூன்று. நேரம் குறைந்தால் நொதி சாகாமல் இன்னும் தூண்டப்பட்டுவிடும். அதற்கு ஒன்றும் செய்யாமலே இருந்திருக்கலாம். எடுத்ததும் ஐஸ் போட்ட தண்ணீரில் அதே நேரம். வடித்து, துணியில் ஈரம் ஒற்றி, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். கீரையைத் தட்டையாக, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக. தேதி எழுதுங்கள். துவாதசி காலையில் அகத்திக்கீரைக்காக மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு ஓடுகிறவர்கள் இதை யோசிக்கலாம். வெந்நீர் கண்ட காய் 'பத்தா' (சமைத்ததாகக் கணக்கா) இல்லையா என்ற கேள்வி சில வீடுகளில் எழும்; அதை அந்தந்த வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும்.

மின்சாரம் போனால்? 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் இருந்தன. 2020 அக்டோபர் 12 அன்று காலை பத்து மணிக்கு மேல் நகரமே நின்றுபோனது, லோக்கல் ரயில்கள் உட்பட. அந்த மாதிரி நேரத்தில் முதல் காரியம் ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருப்பது. பெரிய தனி ஃப்ரீசர் நிறைந்திருந்தால் இரண்டு நாள் தாங்கும். பாதி நிறைந்திருந்தால் ஒரு நாள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் பெட்டிக்கு அத்தனை நேரம் கிடையாது. வெளியூர் போகும்போது ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் உறைந்து கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தக் காயை எறிந்துவிடுங்கள், விலை பார்க்காதீர்கள். கையில் பனித்துகள் இன்னும் நெருடுகிற காயை மறுபடி உறையவைக்கலாம், குழைவு மட்டும் கூடும். முழுக்க உருகி, ஆனால் இன்னும் சில்லென்று இருந்தால் அன்றே சமைத்துவிடுங்கள். சமைத்த கூட்டையோ குருமாவையோ ஆறவைத்து உறையவைப்பதில் தடை இல்லை.

புடலங்காய், சுரைக்காய், வெள்ளரி, பூசணி இவற்றை ஃப்ரீசர் பக்கம் கொண்டுபோக வேண்டாம். தண்ணீரைத் தவிர அவற்றில் பிடித்து நிற்க அதிகம் இல்லை. வெண்டைக்காய் முடியும், ஆனால் கைப்பழக்கம் வேண்டும்: முழுக்காயாகவே, காம்பு மட்டும் சீவி, உள்ளே துளை விழாமல் மூன்று நிமிடம் கொதிநீர் காட்டி உறையவையுங்கள். வதக்கலுக்கு அது சரிப்படாது. பாதி உறைந்த நிலையில் நறுக்கி, கொதித்து வற்றிவரும் புளிக்குழம்பில் போடுங்கள். புளிப்பு கொழகொழப்பை அடக்கும்.

உங்கள் வீட்டு ஃப்ரீசரில் இப்போது என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள், அதை வைத்துக் கேள்விகளுக்குப் போகலாம்.